மே மாதத்துப் பிள்ளைகள்

அந்த எவர்சில்வர் டப்பா இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மூடியின் ஓரத்தில் ஒரு நசுங்கல், உள்ளே நெய் வாசம். அதை நான் முதன்முதலில் பார்த்தது நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு ஜூன் மாதக் காலையில், திண்டுக்கல்லில் நான் வேலைக்குச் சேர்ந்த தனியார் பள்ளியின் ஆசிரியர் அறையில். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். எனக்கு அதுதான் முதல் வேலையின் முதல் நாளும்கூட. சித்தையன்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து, புதுச் சேலையில் பின் குத்திய இடம் உறுத்த, எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு டீச்சராக வந்தார்கள். வந்தவர்கள் எல்லோர் கையிலும் ஒரு டப்பா அல்லது ஒரு பை. கால் மணி நேரத்தில் அந்த நீள மேசை கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஆகிவிட்டது. லட்டு, தேங்காய்ப் பர்பி, கிரீம் உருகிப்போன கேக், முறுக்குக்கூட இருந்தது. “என்ன விசேஷம்?” என்று கேட்டேன். “எம் மகனுக்குப் பொறந்தநாள், மே பன்னெண்டு. லீவுல வந்துருதுல்ல, அதான் இன்னைக்கிக் குடுக்குறோம்” என்றார் தமிழம்மா. “எம் மகளுக்கு மே அஞ்சு” என்றார் வரலாறு எடுப்பவர். “எனக்குப் பெரியவன் மே இருபது, சின்னவன் மே மூணு” என்றார் இன்னொருவர்.

நான் கணக்கு டீச்சர். பன்னிரண்டு மாதமும் இருக்கும்போது பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரே மாதத்தில் பிறப்பதற்கான நிகழ்தகவு எவ்வளவு இருக்கும் என்று மனசுக்குள் அப்போதே போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எவ்வளவு அபூர்வமான தற்செயல்! அந்த உற்சாகத்தில், மேசையின் நடுவில் இந்த டப்பாவைத் திறந்து தம்ரூட்டைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்: “அக்கா, உங்க பிள்ளைக்கும் மே மாசந்தானா?”

தமிழம்மா என் காலை மிதித்தார். ஆனால் தம்ரூட் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தவில்லை. ரவையும் முட்டையும் நெய்யுமாகப் பொன்னிறத்தில் வெந்திருந்த தம்ரூட்டில் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். “எனக்கு இன்னும் ஆர்டர் வரல மேத்ஸ். டப்பாவுக்கு மட்டும் பர்மிசன் கெடச்சிருக்கு. சாப்பிடு.” எல்லோரும் சிரித்தார்கள், அவரே முதலில். அவர்தான் கெமிஸ்ட்ரி அக்கா. எங்கள் பள்ளியில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாடம்தான் பெயர். என்னைவிட ஒன்பது பத்து வயது மூத்தவர், ப்ளஸ் டூ வேதியியல் அவருடையது. கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை, மதுரை ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய் வருகிறார் என்பதெல்லாம் எனக்கு அன்று மத்தியானம் சொல்லப்பட்டது. வாயைத் திறப்பதற்கு முன் ஒரு விநாடி யோசிக்க வேண்டும் என்று அன்றே நான் கற்றிருக்கலாம். கற்கவில்லை.

அது தற்செயல் இல்லை என்று விளங்க எனக்கு ஒரு மாதம் ஆனது. எங்கள் பள்ளியில் பிரசவ விடுப்பு என்று ஒன்று கிடையாது. கிடையாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவும் இல்லை. கோடை விடுமுறை இருக்கிறதே, அதுதான் விடுப்பு. ஏப்ரல் கடைசிவரை வயிற்றைச் சுமந்துகொண்டு பாடம் எடுத்து, மே மாதத்தில் பெற்று, ஜூனில் பால் கட்டிய மார்போடு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை நிலைக்கும். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஆசிரியர் அறையில் ஒருமாதிரியான சிரிப்பு ஓடும். “சுதந்திர தினத்துக்கு முட்டாய் வாங்குனமா, வீட்டுக்குப் போனமான்னு இருக்கணும். ஆகஸ்ட் தாண்டுச்சுன்னா பிரசவம் ஜூனுக்குப் போயிரும்” என்று தமிழம்மா புதுசாகக் கல்யாணமானவர்களிடம் சொல்லுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. படித்த பெண்கள் இருபது பேர், பட்டமும் பி.எட்டும் முடித்தவர்கள், எப்போது பிள்ளை உண்டாக வேண்டும் என்பதைப் பள்ளி நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்கிறோம்; அதையும் ஒரு வேடிக்கையாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

மாதம் தவறியவர்களுக்கு ஒரு கடிதம் இருந்தது. ஆசிரியர் அறை பீரோவில், பழைய பதிவேடுகளுக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் உறையில். யார் முதலில் எழுதியதோ தெரியாது. நகலிலிருந்து நகல் எடுத்து எடுத்து ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. ‘சொந்தக் காரணங்களை முன்னிட்டு எனது பணியிலிருந்து விலகிக்கொள்ள அனுமதிக்குமாறு’ என்று தொடங்கும். பெயரையும் தேதியையும் போட்டு அழகாக எடுத்து எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். பிள்ளை பிறந்து சில மாதம் கழித்து வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள், புது ஆளாக. பழைய வருடங்கள் காற்றோடு போச்சு. சம்பளம் முதல் படி, வகுப்பும் கீழ் வகுப்பு. பள்ளியைக் கூட்டிப் பெருக்கிய ஆயாவுக்கு அந்தக் கடிதம்கூட இல்லை. அவர் ஒருநாள் வரவில்லை, அவ்வளவுதான். மறுவாரம் வேறு ஒருவர் கையில் துடைப்பம் இருந்தது.

கெமிஸ்ட்ரி அக்கா அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கத் தொடங்கியவர். ஒவ்வொரு வகுப்பாக ஏறி ப்ளஸ் டூவுக்கு வர அவருக்கு ஒன்பது வருடம் பிடித்தது. வீட்டுக்காரருக்கு ஒரு தோல் மண்டியில் வேலை. அவர் வாசம் ஒருபக்கம், என் ஆசிட் வாசம் ஒருபக்கம், எங்க வீட்டுல பூனைகூட நுழையாது என்பார். வேதிச் சமன்பாடு வராமல் தவிக்கும் மாணவர்களிடம் அவர் சொல்லும் ஒரு வாக்கியம் பள்ளி முழுக்கப் பிரசித்தம்: “பதறாத. இந்தப் பக்கம் ஒண்ணு கூடுச்சுன்னா அந்தப் பக்கமும் ஒண்ணு போடு. சமன் பண்ணிரலாம்.” மாணவர்கள் கேன்டீனில் சில்லறை கேட்கும்போதுகூட அதையே சொல்லிக் கிண்டலடிப்பார்கள்.

ஜூலைக் கடைசியில் ஒருநாள் சோதனைக்கூடத்துக்குக் கூப்பிட்டார். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். சன்னல் வழியே மலைக்கோட்டை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “இருக்காம்” என்றார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் நான் போட்ட சத்தத்தில் மேசையில் இருந்த புனல் உருண்டது. “மெதுவா புள்ள!” என்று என் வாயைப் பொத்தினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் மற்றொரு கையின் விரல்கள் கணக்கு எண்ணிக்கொண்டிருந்தன. “மார்ச் பதினாலுன்னு சொல்றாங்க. ஆறு வருசம் வராதவுக இப்ப ஏழு வாரம் முந்தி வாராக.”

அதற்குப் பிறகு அவர் செய்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் முடியவில்லை. பள்ளியில் ஏப்ரல் கடைசி என்று எழுதிக் கொடுத்தார். மார்ச் முதல் வாரத்தோடு செய்முறைத் தேர்வு முடிந்துவிடும். அடுத்த வாரம் பிள்ளை பிறந்தால், குறைமாதம் என்று சொல்லிக்கொள்ளலாம். “கொறமாசப் பிள்ளைன்னா யாரும் கோவிக்க மாட்டாங்க மேத்ஸ். பாவம்பாங்க. மார்ச்சு மிச்சமும் ஏப்ரலும் சம்பளம் இல்லாம லீவு கேப்பேன். ஜூன்ல வந்து மறுபடி எம் ப்ளஸ் டூ. சமன் ஆயிரும்.” இப்படி அவருக்கு வீட்டுக்கு ஒரு மாதம், பள்ளிக்கு ஒரு மாதம் என்று இரண்டு கர்ப்பம் ஆனது. வீட்டில் ஏழாம் மாத விருந்து வைத்தபோது பள்ளியிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை, மாதம் தெரிந்துவிடுமே. ஸ்கேன் எடுக்கும் நாளெல்லாம் பல் டாக்டரிடம் போகும் நாளானது. “என்னம்மா, இம்புட்டுப் பெரிசா இருக்கு, ரெட்டையா?” என்று பிரின்சிபால் மேடம் கேட்டபோது, “எங்க மாமியா ஊட்டுற ஊட்டுல எனக்கே ரெட்டை நாடி மேடம்” என்று சொல்லிச் சமாளித்தார். எத்தனை வருடம் கழித்து வந்த பிள்ளை! அதை ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படும் நேரத்தில், திருடிய பொருளைப்போல துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, ஆசிட் புகைக்கு நடுவில் நின்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அந்த ஆத்திரத்தில் பஸ்ஸில் போகும்போது போனில் தேடித் தேடிச் சட்டத்தைப் படித்தேன். இருபத்தாறு வாரம், சம்பளத்தோடு. தனியார் பள்ளிக்கும் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்லி வேலையை விட்டு எடுக்கக் கூடாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் கோடு போட்டு அக்காவிடம் நீட்டினேன். பொறுமையாகப் படித்தார். “நல்லாத்தான் எழுதியிருக்காங்க. கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. இத வச்சு நான் கேஸ் போட்டா ஜெயிப்பேனா?”

“கண்டிப்பா ஜெயிப்பீங்க!”

“ஜெயிச்சு அதே ஸ்கூல்ல அதே பிரின்சிபால் முன்னாடி டெய்லி வணக்கம் வைக்கணும்ல? இந்த ஊர்ல வேற எந்த ஸ்கூல்ல அதுக்கப்புறம் எனக்கு எடம் குடுப்பாங்க? நீ சின்னப் புள்ள. இத மடிச்சு வையி.”

மடித்து வைத்தேன். ஜனவரிவரை மட்டும். பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அந்தத் தாளோடு தாளாளர் அறைக்குப் போனேன். யார் பெயரையும் எடுக்கப்போவதில்லை, பொதுவாகத்தான் கேட்கப்போகிறேன், எல்லா டீச்சருக்கும் நல்லது நடந்துவிடும் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

தாளாளர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், மஞ்சள் கோடு போட்ட வரிகளை எல்லாம் படித்தார். “நல்ல சட்டம்மா. யாரு இல்லைன்னா? அது பெரிய பெரிய கம்பெனிக்கு. நம்மது குடும்பம் மாதிரி. குடும்பத்துக்குள்ள சட்டம் பேசுனா நல்லாருக்குமா?”

“குடும்பம்னா பிள்ளை பொறந்தவங்கள வீட்டுல இருன்னுல்ல சார் சொல்லுவாங்க?”

சிரித்தார். “பேச்சு நல்லா வருது. இருபத்தாறு வாரம் ஒருத்தர் போயிட்டா ப்ளஸ் டூவுக்கு யாரு பாடம் எடுக்குறது? பெத்தவங்க எங்கிட்டல்ல வந்து நிப்பாங்க? நம்ம டீச்சருங்களப் பாரு, எம்புட்டுப் பொறுப்பா மே மாசத்துல வச்சுக்கிறாங்க. எங்க பிரின்சிபால் மேடம்கூட ரெண்டையும் மே மாசத்துலதான் பெத்தாங்க.”

பொறுப்பு! அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. “எல்லாராலயும் அப்படி வச்சுக்க முடியுமா சார்? ஆறு வருசம் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு ஒருத்தங்களுக்குக் கெடைக்குது. அது மார்ச்சுல வந்தா அவங்க என்ன பண்ணுவாங்க?”

அவர் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். “மார்ச்சா? ஏப்ரல் கடைசின்னுல்ல எழுதிக் குடுத்திருக்காங்க?”

நான் ஏதோ உளறினேன், உதாரணத்துக்குச் சொன்னேன் என்றேன். பள்ளியில் அந்த வருடம் வயிற்றோடு இருந்தவர் ஒரே ஒருவர். ஆறு வருடம் காத்திருந்தவரும் அவர் ஒருவர்தான். இதற்கு நிகழ்தகவு போட வேண்டியதில்லை.

மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டார்கள். பிள்ளையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். “ஒம்பது வருசம் நம்ம ஸ்கூல்ல இருந்துட்டுப் பொய் சொல்லலாமாம்மா?” என்றுதான் கேட்டார்களாம். உண்மையைச் சொன்னால் கடிதம், பொய்யைச் சொன்னாலும் கடிதம். இப்போது அந்தக் கடிதத்துக்குக் காரணம் சட்டத்தை மீறிய பள்ளி இல்லை, பொய் சொன்ன டீச்சர். என்ன நேர்த்தி!

நான் சோதனைக்கூடத்துக்கு ஓடினேன். சோதனைக் குழாய்களைக் கழுவி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். நடந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் கடைசிக் குழாய்வரை கழுவி முடித்தார். கையைத் துடைத்தார். “கணக்குத் தப்பா சொல்லலியே மேத்ஸ் நீ. மார்ச்சுன்னா மார்ச்சுதான” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பீரோவிலிருந்து எடுத்து வந்திருந்த பிளாஸ்டிக் உறையை என் முன்னால் வைத்தார். “எனக்குக் கையெல்லாம் ஈரமா இருக்கு. ஒன் எழுத்து அழகா இருக்கும். நீயே எழுது.”

எழுதினேன். சட்டத்தில் மஞ்சள் கோடு போட்ட அதே கையால், ‘சொந்தக் காரணங்களை முன்னிட்டு’ என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். செய்முறைத் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. வாசல்வரை கூட வந்தேன். கேட்டைத் தாண்டும்போது திரும்பி, “பொட்டாசியம் பெர்மாங்கனேட் தீரப்போகுது, ஸ்டோர்ல சொல்லி வையி” என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அவர் இடத்துக்கு ஒரு சார் வந்தார். நன்றாகத்தான் பாடம் எடுத்தார். அவர் மனைவிக்கு அந்த அக்டோபரில் குழந்தை பிறந்தது. இரண்டு நாள் விடுப்பு எடுத்து, மூன்றாம் நாள் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். எந்த மாதம் என்று அவரிடம் யாரும் விரலை மடக்கிப் பார்க்கவில்லை. அக்காவுக்கு மார்ச் பதினாறு அன்று பெண் குழந்தை, சுகமாக. ஜூனில் அவர் திரும்பி வந்தார், புது நியமனம், ஆறாம் வகுப்பு அறிவியல். ப்ளஸ் டூ சாருடையது. பள்ளி திறந்த அன்று மேசை நிறைய இனிப்பு. நடுவில் இந்த டப்பா. “மார்ச்சுப் பிள்ளைக்கும் இந்த மேசையில எடம் உண்டா?” என்று கேட்டுக்கொண்டே தம்ரூட்டை வெட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மூடியில் இந்த நசுங்கல் அன்றைக்கு விழுந்ததுதான். அவர் சிரித்துக்கொண்டே மூடியபோது கை தவறி டப்பா கீழே விழுந்தது.

அடுத்த வருடம் தேர்வெழுதி எனக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. அதே திண்டுக்கல், பழைய பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அதே பாடப்புத்தகம், அதே தேர்வு. சேர்ந்த புதிதில் ஜூன் மாதம் மேசையைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஜூலையில் ஒருவர் லட்டு கொண்டுவந்தார். செப்டம்பரில் இரண்டு பேர். டிசம்பரில் ஒரு கேக். பிப்ரவரியில் ஒருவர் சர்க்கரைப் பொங்கல். எனக்கு விளங்கவே செத்த நேரம் ஆனது. இங்கே பிள்ளைகள் வருடம் முழுக்கப் பிறக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி வந்தால் பெண்களின் உடம்பே வேறாகிவிடுமா? ஒன்றும் இல்லை, இங்கே ஒரு வருடம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இதைப் பெருமையாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் ஒரு தேர்வில் தேறினேன் என்பதற்காக என் பிள்ளைக்கு ஒரு வருடம் தாய், அக்காவின் பிள்ளைக்கு இரண்டரை மாதம். அந்தப் பச்சைக் குழந்தை எந்தத் தேர்வில் தோற்றது?

நான் இப்போது அந்த விடுப்பில் இருக்கிறேன். என் மகனுக்கு இன்று இருபது நாள். நவம்பர்ப் பிள்ளை.

போன சனிக்கிழமை கெமிஸ்ட்ரி அக்கா பார்க்க வந்தார். சாயங்காலம் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று அவசரமாக வந்தார். அந்த சார் ஏதோ கோச்சிங் சென்டருக்குப் போய்விட்டதால், போன ஜூனிலிருந்து ப்ளஸ் டூ மறுபடி அவர் கைக்கு வந்திருக்கிறது. பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டு உச்சி முகர்ந்தார். “நவம்பர்ல பெத்துருக்கியே மேத்ஸ், என்னா பவுசு ஒனக்கு! அரைப் பரீட்சைக்குப் பாடம் முடிக்கிற மாசத்துல காலை நீட்டிப் படுத்துருக்க. ராணிதான் போ.” நான் சிரித்தேன். அப்புறம், நாலு வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்: “அக்கா, எம்மேல கோவம் இல்லியா?”

“இருந்துச்சு. ஆறாங்கிளாசுல காந்தம் எடுக்குறப்பல்லாம் இருந்துச்சு.” பிள்ளையின் விரலைப் பிரித்துப் பார்த்தபடி சொன்னார். “ஒம்மேல எதுக்கு இம்புட்டுக் கோவம்னு ஒருநா யோசிச்சேன். உண்மையச் சொன்னது நீ ஒருத்திதான. அப்புறம் வுட்டுட்டேன்.”

கிளம்பும்போது டப்பாவைத் திறந்து காட்டினார். தம்ரூட். தட்டில் மாற்றிக் கொடுக்கிறேன் என்று எழுந்தேன். என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். “பச்ச ஒடம்பு, ஒக்காரு. டப்பா இங்கயே இருக்கட்டும். ஆனா ஜூனுக்குள்ள குடுத்துரணும், எனக்கு வேணும்.”

ஏன் ஜூன் என்று கேட்க வாயெடுத்து, நிறுத்தினேன். அவர் துப்பட்டாவைச் சரிசெய்யும் சாக்கில் வயிற்றின்மேல் கையை வைத்திருந்தார். “மூணு மாசம் முடியப்போகுது. இந்தவாட்டி மதுரை டாக்டரம்மாட்டயே பேசிட்டேன். கருவ ஆகஸ்டுல வைக்கிறதா இருந்தா வைங்க, இல்லைன்னா அடுத்த வருசம் பாப்போம்னுட்டேன். சிரிச்சாங்க. ஆனா வச்சுக் குடுத்துட்டாங்க.” படியில் இறங்கியவர் திரும்பி விரலை நீட்டினார். “மே இருவது. இந்தத் தேதி பொய்யில்ல. யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்க.”

டப்பாவில் இன்னும் நாலு துண்டு இருக்கிறது. பிள்ளை தூங்குகிறான். என் விடுப்பு முடிய இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது. நான் உட்கார்ந்து, அவருக்காக, மே இருபதிலிருந்து பள்ளி திறக்கும் ஜூன் ஒன்றுவரை எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணுகிறேன். இரண்டு கை முடிந்து, மேலே இரண்டே விரல்.